வேடந்தாங்கல் முதலில் ஓர் உழவர் ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஐப்பசி மழை இறங்கியதும் வேடந்தாங்கலைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். எந்தெந்தப் பறவைகள் வந்திருக்கின்றன, சென்னையிலிருந்து எந்த வழியாக வரலாம், எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது என்றெல்லாம் படங்களோடு வெளியாகும். வருகிறவர்களுக்கு அவை பயன்படும் செய்திகளே. ஆனால் அந்த ஏரி யாருடைய கழனிக்குப் பாய்கிறது, அதன் கரையில் துப்பாக்கிச் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்பதற்கு அச்செய்திகளில் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. மதுராந்தகம் வட்டத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே நெல் பயிரிட்டு வருபவன் என்ற முறையில் இக்குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஊரின் பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது. எங்கள் பகுதியில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னைப் புறநகரின் பெயர்களிலும் இருப்பது அதே சொல்தான். வேடனின் தாங்கல் வேடந்தாங்கல் ஆயிற்று என்பார்கள். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி, மதுராந்தகம் ஏரியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டைக்குச் சமம். பறவைகள் வந்து தங்குவதற்கென்று யாரும் இதை வெட்டவில்லை. கரை, மதகு, மிகுநீர் வழியும் கலங்கல், ஏரிநீர் பாயும் நிலமாகிய ஆயக்கட்டு என்று ஒரு பாசன ஏரிக்கு உரிய எல்லாம் இதற்கும் உண்டு.

என் அத்தையை அவ்வூருக்கு அருகில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சிறுவனாக விடுமுறைக்குப் போனபோது, ஒரு நாள் காலையில் மாமா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். தண்ணீருக்குள்ளேயே நின்ற மரங்கள் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தன. மதகின் வழியாக வந்த நீர் பச்சை பாரித்து, மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடையோடு வாய்க்காலில் ஓடியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்த மாமா, ஒரு கை நீரை அள்ளிக் காட்டி, “இது வெறும் தண்ணி இல்லடா, எரு. இது பாயுற கழனிக்குத் தனியா எருவண்டி ஓட்ட வேணாம்” என்றார். பறவை எச்சத்தில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து பயிருக்குப் போவதைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தபோது, மாமாவின் உள்ளங்கையில் இருந்த அந்தப் பச்சை நீர்தான் நினைவுக்கு வந்தது.

இந்தக் கணக்கை அவ்வூர் உழவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் பேசாமல் இருந்துவிடவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமையை ஏற்று 1798ஆம் ஆண்டளவில் கவுல் எனப்படும் எழுத்து உறுதிமொழியைப் பெற்றார்கள். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் வரலாற்றில் வரும் பிளேஸ் துரையும் இவரே. 1936இல் சரணாலயமாக அங்கீகாரம், 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியை வனவுயிர்ச் சரணாலயமாக அறிவித்த ஆணை, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் ஆகியவையெல்லாம் அதற்குப் பின்னர் வந்தவை. இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதுகிறவர்கள் பலர், முதல் மனுவை எழுதிக்கொண்டு போனவர்கள் கழனிக்காரர்கள் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சொல்கிறவர்களும் அதை ஜீவகாருண்யம் என்று மட்டுமே சொல்லிப் போகிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. இது ஒரு கொடுக்கல் வாங்கல்; தங்களுக்கு எது நன்மை என்று தெளிந்து, அதற்காக ஆட்சியாளரிடம் வாதாடி, அதன் பொருட்டுத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தீபாவளியைக்கூட வெடிச்சத்தம் இல்லாமல் கழித்துவரும் ஊர்க்கட்டுப்பாடு. பட்டாசுக்கு ஏங்கும் குழந்தையிடம் ஒவ்வோர் ஆண்டும் காரணம் சொல்லிச் சமாதானப்படுத்துவது எளிதன்று. அந்த வீடுகளில் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள்.

2020ஆம் ஆண்டில் அந்த 5 கிலோமீட்டர் எல்லையைச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்து, பலத்த எதிர்ப்பும் எழுந்தது. பறவைகள் ஏரிக்குள்தானே இருக்கின்றன, சுற்றிலும் அவ்வளவு நிலம் எதற்கு என்று அப்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நவரைப் பருவத்து நெல் நடவு நடக்கும் தை மாதத்தில் எங்கள் பக்கத்து வரப்புகளில் நடந்து பார்த்தால் விடை கிடைக்கும். நத்தைக்குத்தி நாரைகள் சேற்றில் அலகை விட்டுத் துழாவி, நத்தையின் சதையைப் பிரித்தெடுத்துக்கொண்டு ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். கூடு மட்டுமே ஏரியில். குஞ்சுக்கான இரை சுற்றுவட்டாரத்துக் கழனிகளிலும் குளங்களிலும் இருக்கிறது. அந்தக் கழனிகள் எல்லைக்கல் நட்ட மனைகளாகவும், ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்கள் சாலையோரப் பள்ளங்களாகவும் மாறினால், மரங்களைச் சுற்றி எவ்வளவு உயரமாக வேலி போட்டாலும் பயனில்லை.

ஆகவே தங்கள் நாளிதழ் இந்த ஆண்டு பறவைகளோடு அவ்வூரைப் பற்றியும் எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். செங்கல்பட்டுப் பகுதி ஊர்களின் பழங்கணக்குகள் கிடைக்காதவை அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் மேற்கொண்ட கணக்கெடுப்பு சுமார் 2,000 ஊர்களை உள்ளடக்கியது. அதோடு தொடர்புடைய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றோடு, எந்த மதகை எப்போது திறப்பது, யார் கழனிக்கு முதலில் நீர் விடுவது என்பதை வாய்மொழியாகவே அறிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அதைப் பதிவு செய்தாக வேண்டும். சரணாலயத்தின் நுழைவாயிலில், பறவைகளின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், கவுல் பெற்ற வரலாறும் நல்ல தமிழில் இடம்பெற வேண்டும்.

அரசிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஏரி பற்றிய எந்த முடிவிலும் ஆயக்கட்டு உழவர்களுக்கு இடம் தர வேண்டும். மழைக்கு முன் வரத்துக்கால்களைத் தூர்வாரும்போதாவது, எந்தக் கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று அந்தக் கழனிக்காரர்களைக் கேட்டு, அவர்களையும் உடன் நடத்திக்கொண்டு போன பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.