சோழவந்தானில் காதல் நாவல் எழுதும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் நாவலின் முதல் ஐந்து அத்தியாயம் படித்தேன். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வரும் பையன், வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண், மதுரைக்குப் பக்கத்துச் சோழவந்தான். நல்ல கூட்டு. வைகை, வயல், கோபுரம் என்று வர்ணனைக்கும் குறைவில்லை. ஆனால் ஐந்து அத்தியாயத்திலும் அந்த இரண்டு பேரை ஊரில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் கதை சப்பென்று இருக்கிறது.

சின்ன ஊர்க் காதலின் ருசியே தப்பிக்க வழியில்லாததுதான். சென்னையில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் ஆயுசுக்கும் சந்திக்காமல் இருந்துவிடலாம். சோழவந்தானில் மறுநாள் காலை மதுரை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதையும் நாலு பேர் பார்த்துவிடுவார்கள். அமெரிக்காவில் இந்த வகையை ஒரே ஊரில் நடக்கும் தொடராக எழுதுகிறார்கள். முதல் நாவலில் பேக்கரி வைத்திருந்த தோழி அடுத்ததில் நாயகியாகிவிடுவாள். வாசகி திரும்பத் திரும்ப வருவது அந்த ஊருக்காகவும்தான்.

முதலில் ஒரு தாளில் ஊரை வரை. ஆறு இடம் போதும்: பஸ் ஸ்டாப், பூக்கடை, டீக்கடை, கோயில் வாசல், ரேஷன் கடை, கொடிக்கால் வரப்பு. ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாகப் பார்க்கும் கண் ஒன்றை வை. அந்தக் கண் பார்த்தது எத்தனை நாளில் பெண்ணின் அம்மா காதுக்குப் போகும் என்று பக்கத்தில் குறித்துக்கொள். பூக்கடை அக்கா என்றால் அன்று சாயங்காலமே. டீக்கடைக்காரர் என்றால் ஒரு வாரம், அதுவும் அப்பா வழியாக. இந்தக் கணக்குதான் உன் கதையின் வேகம்.

பூக்கடையையே எடுத்துக்கொள். தினம் ஒரு முழம் மல்லி வாங்குகிறவள் அன்று இரண்டு முழம் கேட்கிறாள். பூக்கார அக்கா முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை நீட்டி அளக்கிறார், நாலு விரல் கூடவே விட்டு நறுக்குகிறார், வாழை இலையில் மடித்துக் கொடுத்தபடி, "வீட்டுக்கு யாரும் வாராகளா?" என்கிறார். அவ்வளவுதான். ஊருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. நீ மூன்று பக்கம் எழுதிய மனப்போராட்டம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது மாதக் கணக்கு. சித்திரையில் ஆரம்பி. வைகாசியில் ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழா 17 நாள் நடக்கும். வெளியூரில் இருப்பவன் ஊருக்கு வர வேறு காரணமே தேட வேண்டாம். ஆனியில் பெண் பார்க்க ஒரு குடும்பம் வரட்டும். ஆடி பிறந்ததும் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். உன் ஜோடிக்குக் கிடைக்கும் முதல் தவணை அது. மார்கழி இரண்டாவது தவணை. தையில் தப்பிக்க இடமில்லை, முடிவு சொல்லியாக வேண்டும். இப்படி வைத்தால் வில்லனே வேண்டியதில்லை, பஞ்சாங்கமே துரத்தும். ஒரு திருத்தமும் உண்டு: சித்ரா பௌர்ணமிக்கு நாயகியை மதுரைக்கு அனுப்பியிருக்கிறாய். சோழவந்தானிலேயே பெருமாள் வைகையில் இறங்குகிறார். சொந்த ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் அவனை ஏறிட்டுப் பார்ப்பதுதான் அவளுக்குக் கஷ்டம். அங்கேயே நிறுத்து.

கொடிக்காலில் பெரிய பிழை இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் நட்ட கொடியில் நாலாம் அத்தியாயத்தில், அதாவது பதினைந்தே நாளில், வெற்றிலையைக் கிள்ளிக் கட்டுக்கட்டாகக் கவுளி கட்டுகிறார்கள். முதலில் அகத்தியை விதைத்து வளர்க்க வேண்டும். அது ஓரளவு உயர்ந்த பிறகுதான் கொடி நட்டு, அதில் கட்டி ஏற்றுவார்கள். வெற்றிலை கிள்ள அதற்கப்புறமும் சில மாதம் ஆகும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை சோழவந்தான் வெற்றிலை. ஊர்க்காரர்கள் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். வெற்றிலை கிள்ளக் கட்டைவிரலில் மாட்டும் இரும்பு நகத்தை நீ சொல்லவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் அவன் விரலில் அது கழற்ற மறந்து கிடக்கட்டும். தன் அப்பாவின் கொடிக்காலிலேயே அவன் கூலிக்கு இறங்கியிருக்கிறான் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிடும்.

பேச்சு வழக்கை அள்ளித் தெளிக்காதே. "ஏலே" திருநெல்வேலிச் சொல், இந்த ஊர் வாயில் வராது. "வந்துட்டாய்ங்க", "அங்கிட்டு", "மதினி" என்று பக்கத்துக்கு இரண்டு மூன்று, அதுவும் உரையாடலில் மட்டும்.

எந்தத் தெரு என்று நீ எங்கேயும் எழுதவில்லை. நம் பக்கத்து வாசகி அதைத்தான் முதலில் தேடுவாள். தெருப் பெயர் சாதியைச் சொல்லிவிடும் என்று தயங்கியிருப்பாய், புரிகிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு, "அவர்கள் பெரிய குடும்பம்" என்று பூசி மெழுகினால், பெற்றோர் எதற்காக எதிர்க்கிறார்கள் என்பதே விளங்காது. ஒரே சாதிக்குள் நடக்கும் கதை என்றால் அதைத் தெளிவாக்கிவிட்டு, சொத்தையோ பழைய குடும்பப் பகையையோ தடையாக வை. வேறு சாதி என்றால் பயம் உண்மையாக இருக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் அப்பா திடீரென்று கண் கலங்கிச் சம்மதிப்பதை யாரும் நம்ப மாட்டார்கள். அவர் மாறுவதற்கான விதையைப் பத்தாம் அத்தியாயத்துக்குள் போட்டுவிடு. ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தீர்ந்துவிடும் மனஸ்தாபத்தை வைத்துப் பத்து அத்தியாயம் இழுப்பதையும் விட்டுவிடு.

அளவு: 40 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,200 முதல் 1,500 சொல். இருவரும் சேர வேண்டும், அதில் மாற்றமே கூடாது. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இந்த வகைக்குச் சொல்லும் இலக்கணமே இரண்டுதான்: நடுநாயகமாக ஒரு காதல், மனம் நிறையும் நம்பிக்கையான முடிவு. சேர்ந்த பிறகு அவர்களைப் பெங்களூருக்கு பஸ் ஏற்றிவிடாதே. மறுநாள் காலை அதே பூக்கடைக்குப் போகட்டும், இரண்டு பேருமாக.

ஆறாவது அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா