எங்கள் வீடுகளுக்கு விசாரிக்க வரும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் விசாரணைக்கு வரும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்களுக்கும், அவர்களுடைய அறிக்கையைப் படித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியை ஒட்டிய கிராமங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வீடுகள் உங்கள் சமூக விசாரணை அறிக்கைகளில் எப்படி எழுதப்படுகின்றன என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுமியை அவளுடைய அப்பத்தா வளர்த்துவந்தார். தாய் இறந்துவிட்டார், தந்தைக்கு வளைகுடாவில் வேலை. உரிமையாளர்கள் சென்னையில் குடியேறிவிட்டதால் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குக் காவலாக, அதன் பின்கட்டில் பாட்டியும் பேத்தியும் இருந்தார்கள். யாரோ கொடுத்த புகாரின் பேரில் வந்த அலுவலர் (ஊரும் அலுவலகமும் இங்கே வேண்டாம்), பெற்றோர் உடனில்லை, தனிப் படுக்கை இல்லை, எட்டு வயதிலும் கையால் ஊட்டுகிறார் என்று குறித்துக்கொண்டு பிள்ளையை ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார். அவள் திரும்பி வரப் பதினோரு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் பள்ளி விடும் நேரத்துக்கு அப்பத்தா தூக்குவாளியில் சோறெடுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். "இன்னைக்காவது விட்டுருவாகளா டீச்சர்?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் வாளியின் மூடியைத் திறந்து, சோறு புளிக்கவில்லையே என்று முகர்ந்து பார்த்து மறுபடி மூடுவார்.

தாயில்லாப் பிள்ளையை ஒரே பாயில் அணைத்துப் படுக்கவைப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் புறக்கணிப்பு என்று சொல்லமாட்டார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்றும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றும்தான் சொல்கிறது. தனி அறை இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தில், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விழித்துக்கொள்வது யார் என்றும் ஒரு கேள்வி இருந்திருந்தால் அந்தப் பதினோரு நாள் நேர்ந்திருக்காது.

ஆனால் வழக்கம் என்று சொன்னாலே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி விட்டுவிட்டவள் நானேதான். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் முன்கையில் தீத்தழும்பைப் பார்த்து அவனுடைய சித்தப்பாவிடம் கேட்டபோது, "சின்னதுல இழுப்பு வந்துச்சு, சூடு போட்டோம். நம்ம பக்கத்து வழக்கந்தானே டீச்சர்" என்றார். நோய்க்குச் சூடு போடுவதே கொடுமை என்று அறிந்தும், பழைய தழும்புதானே என்று இருந்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து முழங்கைக்கு மேலே புதிதாக ஒரு காயம், கரண்டிக் காம்பின் அகலத்தில் நீளமாக இருந்தது. அதன் பிறகுதான் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தேன். அந்தச் சில வாரங்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

லண்டனில் 2000 பிப்ரவரியில், விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, அழைத்து வந்து வளர்த்த உறவுக்காரியாலும் அவளுடைய துணைவனாலும் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தாள். அவர்கள் முன் அவள் விறைத்து நின்றதைச் சமூகப் பணியாளர் அச்சமென்று உணராமல், அவர்கள் சமூகத்தில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று எண்ணிவிட்டதை 2003இல் வெளியான லாமிங் விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் கைதான் கண்ணில் நின்றது.

எங்கள் ஊர் வழக்கங்களை உள்ளே புகுந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, தலைமுறை தலைமுறையாக நடப்பது. 1956ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது, தத்தெடுக்கும்போது செய்யும் தத்த ஹோமச் சடங்குகூடக் கட்டாயமில்லை என்கிறது. ஏழை உறவினரின் மகளை "வளர்க்கிறோம்" என்று கூட்டிவந்து, விடிகாலையில் முற்றம் தெளிக்கவும் பாத்திரம் விளக்கவும் வைத்துப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும் வெளிப்பார்வைக்கு அதே போலத்தான் தோன்றும். பத்திரம் எங்கே, எந்தப் பள்ளியில் படிக்கிறாள், சாப்பிட உட்காரும்போது அவளுக்கு இலை எந்த இடத்தில் விழுகிறது என்று கேட்டால் உண்மை வெளிவந்துவிடும்.

நரிக்குறவர் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் வாக்ரிபோலி பேசும் பிள்ளையிடம் அலுவலகத் தமிழில் கேட்டுவிட்டு, "குழந்தை ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவது நியாயமல்ல. குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும்போது தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம் என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே சொல்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர் பிள்ளையின் மாமனாகவோ பெரியப்பனாகவோ இருக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் இல்லாத இடத்தில் வைத்துத்தான் பிள்ளையிடம் பேச வேண்டும். மற்ற விசாரணைகளிலும் இதையே பின்பற்றுங்கள்.

விசாரணைக்கு வரும்போது அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளரையோ வகுப்பாசிரியரையோ முன்கூட்டியே ஒருமுறை தனியாகச் சந்தித்துவிட்டு வீட்டுக்குள் செல்லுங்கள். என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இப்பக்கத்தில் பலர் இருக்கிறோம். அழைத்தால் எந்த நேரமானாலும் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை