மூன்றாம் வாரத்தில் கிடைத்த மோதிரம்

அன்பு நண்பா,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் பெரிய நிம்மதி. மகள் வேலையில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் மண்ணைக் கிளறப் போய்விடுகிறேன். அந்தக் கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

மைத்துனன் வெளியூர் போகும்போது தன்னுடைய மெட்டல் டிடெக்டரை என்னிடம் விட்டுப் போனான். இரண்டு வாரம் அதை வைத்து ஆணிகளும் பாட்டில் மூடிகளும்தான் எடுத்தேன். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கலங்கிய கண்ணோடு வந்தார். குழந்தையோடு மைதானத்தில் விளையாடும்போது கல்யாண மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விழுந்திருக்கும் என்று அடித்துச் சொன்னார்.

மரத்தடியைச் சுற்றிக் கயிறு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தேடினேன். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மறுபடி தொட வேண்டும். கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருளை, அதாவது காயிலை, ஊஞ்சல் மாதிரி ஓரத்தில் தூக்கிவிட்டால் அந்த இடத்தில் ஆழம் போய்விடும். இதெல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு மாலைப் பொழுது வீணாயிற்று. பிறகு குழந்தையிடம் கேட்டேன். “அம்மா அங்க நின்னுதான் பந்து போட்டாங்க” என்று இருபதடி தள்ளி ஓரிடத்தைக் காட்டினாள். அங்கே பத்தாவது நிமிடம் ஹெட்ஃபோனில் ஒரு சிக்னல். இதற்கு முன் பலமுறை கேட்டு, தோண்டி, அலுமினியத் தாளை எடுத்த அதே ஒலி. இருந்தாலும் தோண்டினேன். புல்வேருக்குள் மோதிரம் அப்படியே இருந்தது. கையை வேகமாக வீசும்போது, அதுவும் விரல் குளிர்ந்து சுருங்கியிருந்தால், மோதிரம் பறந்துவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. விரலில் மாட்டி, இன்னொரு கையால் மூடிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அந்தக் காட்சிக்காகவே எத்தனை மாலை வேண்டுமானாலும் குனிந்து கிடக்கலாம்.

அடுத்த வாரமே கடற்கரைக் காய்ந்த மணலில் ஒரு கம்மல், திருகாணியோடு. அதையும் உரியவரிடம் சேர்த்தாயிற்று. எனக்குக் கைராசி என்று வீட்டில் பேச்சு. நானும் நம்பினேன்.

அப்புறம் ஏழு வாரம் ஒன்றுமே இல்லை.

இடையில் நான் செய்தது என்ன தெரியுமா? கருவியை நன்றாகக் கற்றுக்கொண்டேன். காயிலில் ஓடும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது திருப்பியனுப்பும் புலத்தைக் கருவி பிடித்து, எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்த்துத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டும். இரும்புக்குத் தாழ்ந்த எண், கனமான வெள்ளிக்கு உயர்ந்த எண். வேண்டாத எண்களை ஒலிக்காமல் அடக்கிவைக்கவும் வழி உண்டு. குப்பை தோண்டி அலுத்துப்போய், இரும்பு, அலுமினியத் தாள், குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டேன். தோண்டுவது குறைந்தது, கருவி கச்சிதமாக வேலை செய்கிறது என்றே நினைத்தேன்.

ஒருநாள் சந்தேகம் வந்து, மரப்பலகைமேல் என் மோதிரத்தையும் ஓர் இழுப்பு வளையத்தையும் தள்ளித்தள்ளி வைத்துக் காயிலை வீசிப் பார்த்தேன். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்! சின்னத் தங்க மோதிரம் தாளோடும் வளையத்தோடும்தான் கலந்து நிற்கிறது. மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். கருவி அதை முழுச் சங்கிலியாகப் பார்ப்பதில்லை, கண்ணி கண்ணியாகப் பார்க்கிறது. பல நேரம் கொக்கி மட்டும்தான் அகப்படும். குப்பையை வாயடைத்தபோது தங்கத்தையும் சேர்த்து வாயடைத்திருக்கிறேன். முதல் மாதத்தில் எதையும் ஒதுக்கத் தெரியாமல் எல்லாச் சிக்னலையும் தோண்டினேன், அதனால் கிடைத்தது. கைராசி என்று சொன்னது அதைத்தான்.

இதைப் படித்துத் தேடும்போது 1881-இல் நடந்த ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள், குண்டு உடம்புக்குள். தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகம் காட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு போனார். கட்டிலில் இருந்த இரும்புக் கம்பிச் சுருள்கள் அதைக் குழப்பின என்பார்கள். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. குண்டு வலப்பக்கம்தான் என்று நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். கார்ஃபீல்டு இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கம் இருந்தது. மரத்தடி, மரத்தடி என்று இரண்டு மாலை நான் சுற்றியது நினைவுக்கு வந்து மனம் கனத்தது.

இப்போது இரும்பைத் தவிர எதையும் அடக்குவதில்லை. போன ஞாயிறு நாற்பது குழி தோண்டினேன், ஒவ்வொன்றையும் புல்லோடு மூடினேன். முப்பத்தொன்பதில் குப்பை, ஒன்றில் குழந்தையின் மெல்லிய வெள்ளி மோதிரம், கறுத்துப்போய். உரியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி பழைய வீட்டுக் கொல்லையில் தொலைத்த மோதிரத்தை நான் மறக்கவில்லை. தங்கம் துருப்பிடிக்காது, எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். அங்கே பின்னால் யாராவது மண் கொட்டி மேடாக்கினார்களா என்று விசாரி. ஒரு சாணுக்குமேல் மண் ஏறியிருந்தால் என் கருவிக்கு எட்டாமல் போகலாம். இப்போது அங்கே குடியிருப்பவர்களிடம் அனுமதியும் கேட்டு வை. அன்று தங்கச்சி என்ன வேலை செய்துகொண்டிருந்தாள், எந்தக் கையால், எந்தப் பக்கம் திரும்பி நின்றாள் என்று நிதானமாக நினைவுபடுத்திப் பார்க்கச் சொல். நீ ஒரு படம் வரை, அவளும் ஒரு படம் வரையட்டும், ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பு. அடுத்த மாதம் வருகிறேன், கயிறும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்