அறக்கட்டளை உதவி: தயங்காமல் கேளுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளிக்குத் துணைநிற்கும் அறக்கட்டளை இந்தக் கல்வியாண்டும் உதவ முன்வந்திருக்கிறது. நோட்டுப் புத்தகம், சீருடை, காலணி, மூக்குக்கண்ணாடி, போக்குவரத்துச் செலவு என எதற்கும் கேட்கலாம். வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கை என்றால் குடும்பத்துக்கும் சேர்த்தே கேட்கலாம். அடுப்பு எரிவதே பெரும்பாடாக இருக்கும் வீட்டில் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

ஆனால் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன ஆண்டு ஒரு மாணவி வாரக்கணக்கில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாள். கவனமில்லை என்று நானே ஒருமுறை கண்டித்தேன். அப்புறம் கண் பரிசோதனை நடந்தது. ஆறு மீட்டர் தள்ளி மாட்டியிருந்த அட்டையில் மேலே இரண்டு வரிகள்தான் அவளுக்குத் தெரிந்தன. அம்மாவுக்கு விஷயம் முன்பே தெரியும். செலவை நினைத்து அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு வந்திருக்கிறார். கண்ணாடி வந்த அன்று அவளாகவே கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். நான் கண்டித்தது இன்னும் உறுத்துகிறது. அம்மாவும் மகளும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, உதவி எப்படிக் கிடைக்கும்? பள்ளி பரிந்துரைக்கும், முடிவெடுப்பது அறங்காவலர்கள். பணம் பெரும்பாலும் கடைக்கோ கண் மருத்துவருக்கோ நேராகப் போய்விடும். அறக்கட்டளைப் பத்திரத்தில் எந்த நோக்கம் எழுதப்பட்டிருக்கிறதோ அதற்கு மட்டுமே அவர்கள் செலவிட முடியும், ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட வேண்டும். ரசீது கேட்பது அதற்காகத்தான், உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். மேடையில் ஏற்றி வழங்குவது, புகைப்படம் எடுப்பது, வகுப்பில் பெயர் வாசிப்பது எதுவும் இருக்காது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தையும் மானத்தையும் காக்கச் சொல்கிறது. உதவி வாங்கும் பிள்ளைக்கும் அது பொருந்தும். சீருடை வந்தால் உங்கள் கையில்தான் தருவோம். எங்கிருந்து வந்தது என்று பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

விண்ணப்பம் ஒரே பக்கம். எழுதச் சிரமமாக இருந்தால் என் அறைக்கு வாருங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்கிறேன். உங்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சில நாட்களாகப் பள்ளிக்குக் கிளம்பாமல் இருப்பது கண்ணில் பட்டால், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்