பூட்டிய சேப்பலும் ஒழுகும் கூரையும்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்கப்போவதில்லை, தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு ரிட்டயர் ஆனபிறகு தோட்டப் பைத்தியம் பிடித்திருக்கிறது. இந்த வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ பள்ளத்தாக்கு மழையில் வெண்டைக்காய் காய்க்கும் என்று நம்புகிற ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.

“பழைய கட்டடங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கிற குழுவில் உனக்கு என்னடி வேலை?” என்று கேட்டிருந்தாய். கணக்குத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள், போனேன். சின்ன நிதி, சின்னக் குழு. ஒரு கூரையின் பாதியைத்தான் எங்களால் போட முடியும்; மீதிப் பாதிக்கு அவர்களே வேறு எங்காவது தேட வேண்டும்.

பெரிய பணம் லாட்டரியில் இருக்கிறது. 1994-ல் பிரிட்டனில் நேஷனல் லாட்டரி ஆரம்பித்தபோதே, பொதுக் காரியங்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு பாரம்பரியத்துக்கு என்று வைத்துவிட்டார்கள். அதைப் பிரித்துக் கொடுப்பது நேஷனல் லாட்டரி ஹெரிட்டேஜ் ஃபண்ட். 10,000 பவுண்டிலிருந்து ஒரு கோடி பவுண்ட் வரை கேட்கலாம். இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் இரண்டு கட்டம்: முதலில் திட்டத்தை வளர்க்கப் பணம், பிறகுதான் வேலையைச் செய்யப் பணம். வேல்ஸுக்கென்று தனிக் குழுவும் உண்டு. பரம்பரைப் பெருமையைக் காப்பாற்றும் காசு, சனிக்கிழமை சாயங்காலம் மூலைக்கடையில் டிக்கெட் வாங்குகிறவரின் பையிலிருந்து வருகிறது. உன் சித்தப்பா இங்கே இருந்திருந்தால் ஒரு கோட்டையையே தனியாளாகத் தாங்கியிருப்பார்.

லாட்டரி தவிர காடூ என்ற அமைப்பு இருக்கிறது. 1984-ல் ஏற்பட்டது, இப்போது வேல்ஸ் அரசின் துறை. எந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ப்பது என்று பார்ப்பதும், கோட்டைகளைப் பராமரிப்பதும், கொஞ்சம் மானியம் கொடுப்பதும் அதன் வேலை. வேல்ஸில் பட்டியலில் உள்ள கட்டடங்கள் மட்டும் சுமார் 30,000. மொத்த மக்கள்தொகையே முப்பது லட்சம் சொச்சம்தான். நூறு பேருக்கு ஒரு பாரம்பரியக் கட்டடம்! அதில் குடியிருக்கும் வீடுகளும் பாலங்களும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளும் உண்டு என்றாலும், எல்லாவற்றையும் யாராலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுப்பது என்றால் மற்றதை விடுவது. அந்தப் பாதியைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நீ வங்கியில் இத்தனை வருஷம் கடன் கொடுத்தவள், உனக்குப் புரியும். கடன் கொடுக்கும்போது இந்த ஆள் திருப்பிக் கட்டுவாரா என்று பார்ப்பாய். இங்கே பணம் திரும்பி வராது. அப்படியானால் எதைப் பார்ப்பது? வயதையா, அழகையா, ஆபத்தையா? குழுவில் சேர்ந்தபோது கட்டடம்தான் முக்கியம் என்று நானும் நினைத்தேன். இப்போது விண்ணப்பத்தைப் பிரித்ததும் முதலில் தேடுவது, பத்து வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தக் கதவை யார் திறப்பார்கள் என்பதைத்தான்.

கடைசிக் கூட்டத்தில் மூன்று விண்ணப்பங்கள் இருந்தன. கையில் இருந்த பணம் ஒன்றுக்குப் போதும். இழுத்தால் ஒன்றரைக்கு வரும்.

முதலாவது ஒரு சேப்பல், அதாவது ஒரு சபையின் வழிபாட்டுக்கூடம். இந்த ஊர்க்காரர்கள் சேப்பல் கட்டிய வேகத்தை நீ நம்ப மாட்டாய். ஆங்கிலேயத் திருச்சபையோடு ஒத்துப்போகாத மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், இண்டிபெண்டன்ட் சபைகள் தெருவுக்குத் தெரு கட்டின; வேல்ஸ் முழுவதும் ஆறாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் சுரங்கத்திலும் குவாரியிலும் வேலை செய்தவர்கள் சேர்த்த காசு. இன்று ஞாயிற்றுக்கிழமையில் எண்ணி எட்டுப் பேர் வருகிறார்கள், எல்லோருக்கும் நம் வயதுக்கு மேல். எங்களிடம் விண்ணப்பித்த சேப்பல் உள்ளே அவ்வளவு அழகு: மூன்று பக்கமும் வளைந்து வரும் மரமாடி, பெரிய ஆர்கன், நடுவில் கப்பல் மேல்தளம் மாதிரி உயர்ந்து நிற்கும் பிரசங்க மேடை. கூரைத் தூம்பு அடைத்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கி, மரத்தைத் தின்னும் பூஞ்சை பிடித்துவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு இலைகளை அள்ளியிருந்தால் சில நூறு பவுண்டோடு போயிருக்கும்; இப்போது லட்சங்களில் பேசுகிறார்கள். பராமரிப்புக்கு என்று கேட்டால் எந்த நிதியும் சட்டென்று இளகாது. இடிந்து விழுந்தபிறகு ‘புனரமைப்பு’ என்று கேட்டால் இளகும். இந்த முறையே தலைகீழ் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது, சுரங்கத் தொழிலாளர் மன்றம். அந்தக் கட்டடங்களைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? சம்பளத்தில் பவுண்டுக்கு ஒரு பென்னி என்று பிடித்துச் சேர்த்துத் தாங்களே நூலகமும் நாடக அரங்கும் கட்டிக்கொண்டார்கள். ட்ரியோர்க்கியில் பார்க் அண்ட் டேர் என்று ஒன்று இருக்கிறது, 1892-ல் நூலகம், 1913-ல் அரங்கம். பகலெல்லாம் நிலத்துக்கு அடியில் வெட்டிவிட்டு, ராத்திரி மேலே வந்து அரசியலும் பொருளாதாரமும் படித்த ஜனங்கள். எங்களிடம் வந்தது அவ்வளவு பெரியதில்லை, அழகும் இல்லை. முப்பதுகளில் கட்டியது, முன்பக்கத்தைப் பார்த்தால் பழைய சினிமா கொட்டகை. பட்டியலிலும் கிடையாது. ஆனால் பித்தளை வாத்தியக் குழு, குத்துச்சண்டை, உணவு வங்கி, பாடகர் குழு என்று ஏழு நாளும் விளக்கு எரிகிறது. நடுவில் வாளி வைத்து ஒழுகலைப் பிடிக்கிறார்கள். விண்ணப்பத்தை எழுதியவர் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர். பாதிக் கேள்விகளுக்குப் பதிலே எழுதவில்லை. ‘இந்தத் திட்டத்தின் விளைவுகளை எப்படி அளவிடுவீர்கள்?’ என்ற இடத்தில் ‘வாளியை எடுத்துவிடுவோம்’ என்று எழுதியிருந்தார். எனக்கு அந்த ஒரு வரியே போதும் என்று தோன்றியது. மதிப்பெண் தாளில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது ஒரு கால்வாய்ப் பாலம். விண்ணப்பம் அச்சடித்த புத்தகம் மாதிரி: வரைபடம், எஸ்டிமேட், ரிஸ்க் பட்டியல், வௌவால் கணக்கெடுப்பு எல்லாம் உண்டு. காசு கொடுத்து ஆலோசகரை வைத்து எழுதியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் இணைத்திருந்த பொறியாளர் அறிக்கையைப் படித்தால், பாலம் இன்னும் சில வருஷம் அசையாமல் நிற்கும் என்று அவரே எழுதியிருக்கிறார்!

வௌவால் என்றதும் சிரிக்காதே. இங்கே பாதித் திட்டங்களின் காலண்டரை எழுதுவது அதுதான். எல்லா வௌவால் இனங்களுக்கும் அவை தங்கும் இடத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை வெளியே பறப்பதைப் பார்த்துக் கணக்கெடுக்க மே முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம். சுண்ணாம்புச் சாந்தோ உறைபனியில் செட்டாகாது, அதுவும் வெயில் காலத்து வேலை. சிமென்ட் பூசிவிடலாமே என்றால் பழைய கல் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். எழுபதுகளில் அப்படிப் பூசியதைச் சுரண்டி எடுக்கவே இப்போது மானியம் கேட்கிறார்கள். ஆக, ஒரு கோடையில் வௌவால் எண்ணி, அடுத்த கோடையில் சாரம் கட்ட வேண்டும். அதற்குள் விலை ஏறிவிடும். மேலே இருபது சதவிகித வாட் வரி. பட்டியலில் உள்ள வழிபாட்டு இடங்களுக்கு அந்த வரியைத் திருப்பிக் கொடுத்த திட்டத்திலும் 2025 ஏப்ரலில் இருந்து ஓர் இடத்துக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று வரம்பு போட்டார்கள்; அந்தத் திட்டமும் 2026 மார்ச் வரைதான். எட்டுப் பேர் உள்ள சபை இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கும்?

சரி, கதவு விஷயத்துக்கு வருகிறேன். வடக்கே டென்பியில் 1848-ல் திறந்த மனநல மருத்துவமனை இருக்கிறது. அரண்மனை மாதிரி கல் கட்டடம். 1995-ல் மூடினார்கள். அதற்குப்பிறகு தனியார் கையில் கிடந்து, தீப்பிடித்து, கூரை விழுந்து, கடைசியில் கவுன்சிலே கட்டாயமாகக் கையகப்படுத்த வேண்டி வந்தது. அழகுக்கோ வரலாற்றுக்கோ அங்கே பஞ்சமில்லை. உள்ளே யார் இருப்பார்கள் என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. மேற்கே கார்டிகன் கோட்டையைப் பார். 1176-ல் ரீஸ் ஆப் க்ரிஃபித் பிரபு கவிஞர்களையும் இசைக்காரர்களையும் கூட்டிப் போட்டி வைத்த இடம், ஐஸ்டெத்வோட் என்கிற வேல்ஸின் கவிதை, இசைத் திருவிழாவில் முதலாவது அதுதான் என்று சொல்வார்கள். சுவர்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, உள்ளே காடு மண்டி, அதன் சொந்தக்கார அம்மாள் கேரவன் ஒன்றில் வாழ்ந்துகொண்டிருந்தார். 2003-ல் கவுன்சில் வாங்கியது. லாட்டரி, ஐரோப்பிய நிதி என்று சேர்த்து ஏறக்குறைய 1.2 கோடி பவுண்டில் புதுப்பித்து 2015-ல் திறந்தார்கள். இப்போது தங்கும் அறை, உணவகம், கச்சேரி, கல்யாணம் எல்லாம் நடக்கிறது. எங்கள் ஸ்வான்ஸீயிலேயே ஹாஃபோட் செம்பு ஆலையின் பழைய இயந்திரக் கூடத்துக்கு லாட்டரி 37.5 லட்சம் பவுண்ட் கொடுத்தது. 2023-ல் இருந்து அங்கே விஸ்கி காய்ச்சுகிறார்கள். சாராயக் கடைக்குப் பாரம்பரியப் பணமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு ஆட்சேபம் இல்லை. உலகத்துக்கே செம்பு உருக்கிய இடத்தில் மறுபடி ஒரு கொப்பரை சூடாவது தப்பா என்ன?

எனக்கு மிகவும் பிடித்தது அர் அஸ்குர்ன், ஸ்னோடோனியா மலைப்பக்கம் ஒரு பண்ணை வீடு. கவிஞர் ஹெத் வின்னின் வீடு. 1917 ஜூலை 31-ல் போர்க்களத்தில் இறந்தார். அதே வருஷம் செப்டம்பரில் ஐஸ்டெத்வோட் மேடையில் வென்றவரை அழைத்தபோதுதான் அவர் இறந்தது கூட்டத்துக்குத் தெரிந்தது. அவருக்குப் பரிசாக வைத்திருந்த நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அவருடைய தாய், வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்தே வைக்கும்படி பேரனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பல பத்தாண்டுகள் அதைக் காப்பாற்றினார். 2012-ல் தேசியப் பூங்கா ஆணையம் வாங்கியது, லாட்டரி 28 லட்சம் பவுண்ட் கொடுத்தது, 2017-ல் திறந்தார்கள். அந்தப் பேரன் அத்தனை வருஷம் கதவைத் திறந்திருக்காவிட்டால், காப்பாற்ற அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?

எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். மதிப்பெண் கூட்டினால் பாலம்தான் முதலில் வந்தது. மன்றம் கடைசி. குழுவில் கட்டடக் கலைஞர் ஒருவர் உண்டு, நல்ல மனிதர், என்னோடு எப்போதும் சண்டை. “அப்படியென்றால் பட்டியல் எதற்கு, கிரேடு எதற்கு? சமூக சேவைக்கு வேறு நிதி இருக்கிறதே” என்றார். நியாயமான கேள்விதான். மன்றத்தின் கூரை போனாலும் வாத்தியக் குழு வேறு இடத்தில் வாசிக்கும். சேப்பலின் மரமாடி போனால் போனதுதான். ஆனால் மதிப்பெண் எதை அளக்கிறது என்று பார்த்தால், பாதிக்குமேல் விண்ணப்பம் எழுதும் திறமையைத்தான். கார்டிஃப் பக்கம் ரிட்டயர்டு வக்கீலும் கணக்காளரும் தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பார்கள். பள்ளத்தாக்குகளின் மேல்முனைக்குப் போனால் அந்த டீச்சர் ஒருவர்தான், அவருக்கும் கண் ஆபரேஷன். சுரங்கம் மூடிக் காசு போன ஊர், அதே காரணத்தால் மானியமும் கிடைக்காத ஊர் ஆகிவிடுகிறது.

நீண்ட வாக்குவாதத்துக்குப்பிறகு மன்றத்துக்குக் கூரைப் பணம் கொடுத்தோம். சேப்பலுக்குக் கொஞ்சம்: தூம்பைச் சுத்தம் செய்து தார்ப்பாய் போடவும், கட்டடத்தின் நிலையை முறையாக ஆராயவும். அந்த அறிக்கை கையில் இருந்தால்தான் பெரிய நிதியின் வாசலுக்கே அவர்கள் போக முடியும். பாலத்துக்காரர்களிடம் அடுத்த சுற்றுக்கு வரச் சொன்னோம். கோபமாக ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

இப்போது நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் வருவதற்கு முன்பே குழுவில் ஒருவர் நேரில் போய், கட்டடத்தைப் பார்த்து, கூட உட்கார்ந்து எழுத உதவ வேண்டும் என்று. உதவி செய்தவரே மதிப்பெண் போடலாமா, பாரபட்சம் ஆகிவிடாதா என்று கட்டடக் கலைஞர் கேட்கிறார். உதவியவர் அந்த விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடாமல் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றேன். ஐந்து பேர் உள்ள குழுவில் இரண்டு பேர் ஒதுங்கினால் கூட்டம் எப்படி நடக்கும் என்கிறார். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். கிராமக் கிளையில் இருந்தபோது கடன் கேட்டு வந்தவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீயே விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாயே. மேலே இருந்தவர்கள் அதற்கு என்ன சொன்னார்கள்? நீ நிரப்பிய விண்ணப்பத்தை நீயே சாங்க்‌ஷன் செய்தாயா, இல்லை வேறு யாராவது கையெழுத்துப் போட்டார்களா? அடுத்த கூட்டம் மார்ச் மாதம். அதற்குள் விவரமாக எழுது. காலை நீட்டி உட்கார்ந்துதானே இருக்கிறாய், நேரம் இருக்கும்.

அண்ணாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
வசந்தா