கயல்விழிக்கு, அந்த ஹெட்போன் விஷயமாக

ஈரோடு,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கயல்,

வெளிச் சத்தத்தை அடக்குகிற அந்த சோனி எக்ஸ்எம்5 ஹெட்போனை வாங்கலாமா என்று நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "முப்பத்தஞ்சாயிரமா!" என்று கத்தினேன், நீ உடனே பேச்சை மாற்றிவிட்டாய். விலையைக் கேட்டதும் அப்படி வந்துவிட்டது, கண்ணு. "சம்பாதிக்கிற பிள்ளை, உன்கிட்ட யோசனைதானே கேட்டா" என்று அப்பா சொன்னார். அது சரிதான். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடும்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. 1984-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து 12 வருஷம் வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள் நான். ஷிப்ட் முழுக்கத் தலையில் ஹெட்செட் இருக்கும். இடது காதில் ஒரு வட்டமான ரிசீவர், தலைக்கு மேல் ஒரு இரும்புப் பட்டை. அதைக் கழற்றினால் காதைச் சுற்றி வளையம் போல் சிவந்திருக்கும். வேர்வையில் ரிசீவர் பிசுபிசுவென்று ஒட்டும் என்பதால் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து உறை தைத்து மாட்டிக்கொள்வோம். ஆளுக்கு மூன்று உறை. ஒன்று காதில், ஒன்று பையில், ஒன்று கொடியில். அந்த வேலையில் நான் கற்றது இதுதான்: காதில் மாட்டுகிற பொருளை முதல் ஐந்து நிமிஷத்தில் எடை போடக் கூடாது. ஐந்தாவது மணி நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தீபாவளிக்கு உன் மாமா பையன் சிபி வந்திருந்தானே, அவனிடம் நீ சொல்கிற மாதிரியே சத்தத்தை அடக்குகிற ஹெட்போன் ஒன்று இருந்தது. "அத்தை, சும்மா மாட்டிப் பாருங்க, பாட்டு போட வேண்டாம்" என்றான். கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பின் தெருவில் வழக்கம்போல் பவர்லூம் தறி. அவன் ஓரத்தில் இருந்த பட்டனை அழுத்தினான். ஃபேன் நின்றுவிட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன், அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது! தறிச் சத்தத்தில் இருந்த கனம் இறங்கி, டக் டக் என்கிற நுனி மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. கிணற்றுக்குள் இறங்கினால் காது அடைக்குமே, அப்படி ஒரு உணர்வும் இருந்தது. அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் குக்கர் விசில் அடித்தபோது ஹெட்போன் அதைத் தடுக்கவில்லை. அம்மாயி என்னைக் கூப்பிட்டதும் கேட்டது.

ஏன் அப்படி என்று சிபியிடம் கேட்டேன். வெளிச் சத்தத்தை ஒரு மைக் பிடிக்கிறது, அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் உண்டாக்குகிறது, மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடுகிறது. ஃபேன், ஏசி, பஸ் என்ஜின் மாதிரி ஒரே சீராக வருகிற தாழ்ந்த சத்தம் என்றால் இது எளிது. விசில், பேச்சு, நாய் குரைப்பு எல்லாம் கீச்சென்றோ வேகமாக மாறியோ வருகிற சத்தம், அதில் முழுசாகப் பிடி கிடைக்காது. அவற்றைக் காதைச் சுற்றி இருக்கிற மெத்தைதான் ஓரளவு தடுக்க வேண்டும். அதனால் "ஆபீஸில் யாரும் பேசுவது கேட்காது" என்று நினைத்து வாங்காதே. பேச்சு கேட்கும், கொஞ்சம் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இது பிறந்த கதையே என்ஜின் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஸ்பீக்கரும் ஹெட்போனும் செய்கிற போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு சுதந்திரப் போராட்டக்காரரின் மகன். 1978-ல் ஜூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனை மாட்டியிருக்கிறார். என்ஜின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-ல் வந்தது, பொதுமக்கள் வாங்குகிற மாதிரி 2000-ல்தான் வந்தது. ஒரு எரிச்சல் சரக்காகிக் கடைக்கு வர 22 வருஷம். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை. நம்மில் எத்தனை பேர் ஒரு எரிச்சலை அவ்வளவு காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்போம்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கூடக் கொடுக்கிற பணம் எதற்குப் போகிறது? பாட்டின் தரத்துக்கு என்று நீ நினைத்தால் அங்கேதான் ஏமாறுவாய். ஜெரோன் பிரீபார்ட் என்கிற ஆராய்ச்சியாளர் 2017-ல் வெளியிட்ட ஆய்வை சிபி காட்டினான். 283 ஹெட்போன்களை அளந்து பார்த்திருக்கிறார். தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உயர்ந்த ஒலி எந்த அளவில் வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அதன் முடிவு. அப்புறம் புளூடூத். பாட்டைப் புளூடூத்தில் அனுப்புகிற சோனியின் எல்டாக் முறை வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். உன் ஐபோனில் அந்த முறையே கிடையாது. அந்த வசதிக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுத்தாலும் அது வீண்.

மீட்டிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் பழைய வேலை. டிரங்க் லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் போகும், ரொம்பத் தாழ்ந்ததும் உயர்ந்ததும் போகாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பேச்சு புரியும், ஆனால் குரலில் உயிர் இருக்காது. புளூடூத் ஹெட்போனின் மைக்கை லேப்டாப்பில் திறந்ததும் பெரும்பாலும் அதே கதைதான். பேச்சும் கேட்பும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்பதால் ஒலியின் அகலத்தைக் குறைத்துவிடும், விலை உயர்ந்த ஹெட்போனும் கிட்டத்தட்ட எங்கள் ரிசீவர் மாதிரி ஆகிவிடும். போன மாதம் "அம்மா, மீட்டிங்ல மட்டும் சத்தம் கேவலமா இருக்கு" என்றாயே, உன் ஹெட்போன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மைக்குக்கு லேப்டாப்பில் இருப்பதையே தேர்ந்தெடுத்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் ஹெட்போனை வைத்துப் பார்.

அப்படியானால் பணம் போவது மூன்று விஷயங்களுக்கு: அமைதி, எடை, மெத்தை. நீ கேட்ட எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். ஆப்பிளின் பெரிய ஹெட்போன் சுமார் 385 கிராம், அது நம் ஊரில் வந்தபோது 59,900 ரூபாய். உன் தோழி அதைத்தான் வாங்கச் சொல்கிறாள் என்றாய். வேண்டாம் சாமி. பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் கிட்டத்தட்ட 400 கிராமைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காருவது என்ன என்று உன் அம்மா கழுத்துக்குத் தெரியும். சோனியிலேயே 10,000 ரூபாய் சுற்றில் சிஎச்720என் என்று ஒன்று இருக்கிறது, அது 192 கிராம்தான். அமைதியில் பெரியதற்கு ஈடு கொடுக்காது, பிளாஸ்டிக்கும் சாதாரணம். ஆனால் மாட்டியிருப்பதே தெரியாது.

மெத்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். சிபியின் ஹெட்போனுக்கு நாலு வயசு. கழற்றியதும் என் காதோரம் கறுப்பாகச் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. மெத்தையை மூடியிருக்கிற செயற்கைத் தோல் உரிந்து வருகிறது, உள்ளே இருக்கிற பஞ்சு தெரிகிறது. மெத்தை நைந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், வெளிச் சத்தம் அதன் வழியாக உள்ளே வந்துவிடும், விலை கொடுத்து வாங்கிய அமைதி போய்விடும். நம் வேர்வைக்கு அந்தத் தோல் தாங்காது. மாற்று மெத்தை கிடைக்கிற மாடலா என்று வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடு. நான் உனக்குப் பருத்தி உறை இரண்டு ஜோடி தைத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் கழற்றிவிடு, உறை இருந்தால் அமைதி கொஞ்சம் குறையும். ஆபீஸில் போட்டுக்கொள்.

ஆயுள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு சார்ஜுக்கு 30 மணி நேரம் என்கிறார்கள். காலையும் மாலையும் பஸ்ஸில் மூன்று மணி நேரம், ஆபீஸில் ஆறு மணி நேரம் என்று வைத்தால் மூன்று நாளைக்கு ஒரு சார்ஜ், லீவு நாளிலும் அதே அளவு கேட்டால் வருஷத்துக்கு 120. இந்த வகை பேட்டரி 500 முறை முழுசாகச் சார்ஜ் ஆன அப்புறம் தளர ஆரம்பிக்கும். ஆக நாலு வருஷம். அதற்கப்புறம் பேட்டரியை மாற்றுவது எளிதில்லை, உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் இதை நாமே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டு 2027 பிப்ரவரி என்று நாள் குறித்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஒயர் ஹெட்போனுக்கு இந்தக் கவலையே இல்லை. சென்ஹைசரின் எச்டி 600 வந்தது 1997-ல், இன்னும் விற்கிறார்கள், மெத்தையும் ஒயரும் தனியாகக் கிடைக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கத்தான் வேண்டும் என்றால் அந்தப் பக்கமே போ என்று சொல்லியிருப்பேன். சிபிக்கு அதைத்தான் சொன்னேன்.

ஆனால் உன் நிலைமை வேறு. ஆயுத பூஜைக்கு வந்தபோது நீ கூடத்தில் அந்த 1,800 ரூபாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் சமையலறை வாசலில் நின்றேன். உன் காதில் ஓடுகிற பாட்டின் வரி எனக்குக் கேட்டது. அன்றைக்கே சொல்ல நினைத்தேன், நாலு நாளைக்கு வந்த பிள்ளையை எதற்கு அதட்டுவது என்று விட்டுவிட்டேன். பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் பஸ் என்ஜின் உறுமுகிறது, அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டுகிறாய், கூட்டிய சத்தமே உனக்குப் பழகிவிட்டது.

80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே நாலு மணி நேரம்தான். பஸ்ஸில் மட்டும் நீ வாரத்துக்கு 15 மணி நேரம் கேட்கிறாய். என் இடது காதை இரண்டு வருஷம் முன்னால் சோதித்தார்கள், நினைவிருக்கிறதா? வலது காதைவிட மந்தம். வயசா, வேலையா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்தது, காலையில் வேப்ப மரத்தில் கத்துகிற குருவிச் சத்தம் இடது பக்கம் படுத்தால் கேட்கிறது, வலது பக்கம் படுத்தால் கேட்பதில்லை. போன காதைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் கிடையாது.

அதனால் வாங்கு என்றுதான் சொல்கிறேன், கயல். நேற்றுக் கத்தியதற்கு இது மாறாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் 35,000 கொடுக்காதே. எக்ஸ்எம்5 வந்தது 2022-ல், அடுத்ததும் 2025-ல் வந்துவிட்டது. பழைய மாடலுக்குப் பண்டிகைத் தள்ளுபடியில் விலை இறங்கும், 25,000-க்கு மேல் போகாதே. மாதத் தவணை வேண்டாம், கையில் இருக்கிற பணத்தில் வாங்கு. பாதி விலை என்று முகம் தெரியாத கடையில் யாராவது காட்டினால் தொடாதே, இந்த மாடல்களுக்கு அச்சு அசலாகப் போலி இருக்கிறது. பில்லும் வாரண்டி அட்டையும் கையில் வாங்கிக்கொள். பேட்டரி தீர்ந்தாலும் ஒயர் மாட்டிக் கேட்க முடிகிறதா என்று கேள்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனால் கம்மல் போட்டுக்கொண்டே போ, கண்ணாடியும் போட்டுக்கொள். கண்ணாடிக் காம்பை அது எப்படி அழுத்துகிறது என்று தெரிய வேண்டும். பாட்டு போடாமல் 20 நிமிஷம் மாட்டிக்கொண்டு கடைக்குள் நட, குனி, திரும்பு. விற்கிற பையன் என்ன நினைத்தால் என்ன? அந்த 192 கிராம் உருப்படியையும் அதே மாதிரி மாட்டிப் பார். அதுவே போதும் என்று உன் காது சொன்னால் மிச்சம் 15,000-ஐ வங்கியில் போடு.

வாங்கிய அன்றே ஒரு வேலை செய். பஸ்ஸில் அமைதி பட்டனைப் போட்டுவிட்டு, பாட்டை மிகக் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற்று. வரி புரிகிற இடத்தில் நிறுத்து, அது எத்தனையாவது படி என்று எனக்குச் சொல். ரோட்டைக் கடக்கும்போது கழுத்தில் இறக்கிவிடு. இதில் மட்டும் அம்மா பேச்சைக் கேள்.

அந்தப் பழைய 1,800 ரூபாய் ஹெட்போனை எறிந்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா, அம்மாயிக்கு பக்திப் பாட்டு கேட்க வேண்டுமாம். புதியதையும் கொண்டு வா. தறி ஓடுகிற நேரமாகப் பார்த்து எனக்கு ஒருமுறை மாட்டிவிடு.

உன் அம்மா