பழைய வானுக்கு நீங்கள் பூட்டிய நம்பர் லொக்: இனி எழுத்தில் பதில் வேண்டும்

திருகோணமலை

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: 1992 டொயோட்டா ஹைஏஸ் (டொல்பின்) வானுக்குப் பூட்டிய, நம்பர் அடித்துத் திறக்கும் கதவு லொக் பழுது. பொருளை மாற்றித் தருதல் அல்லது பணத்தைத் திருப்பித் தருதல்.

தொலைபேசியில் பேசி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் யார் எடுத்தாலும் முதலில் வாகன இலக்கம், பிறகு பில் இலக்கம், பிறகு "கொஞ்சம் லைனில இருங்கோ", பிறகு பாட்டு. பாட்டு முடிய லைனும் கட். கடிதமென்றால் யாராவது ஒருவர் கோப்பில் போடுவதற்காவது வாசிப்பார் அல்லவா?

பொருளைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இறக்குமதி செய்து விற்பவர்கள் நீங்கள். வானின் விபரத்தை மட்டும் மறுபடி தருகிறேன்: எல்.எச். 113, டீசல், 12 வோல்ட், கையால் சுற்றும் கண்ணாடி, சென்ட்ரல் லொக் இல்லாத வண்டி. சாரதி கதவு, முன் இடது கதவு, இழுவைக் கதவு, பின் கதவு என நான்குக்கும் மோட்டார் பூட்ட வேண்டும். வெளியே வைக்கும் நம்பர்ப் பலகையில் (பொத்தான்கள் உள்ள கீபேட்) நான்கு இலக்கம் அடித்தால் நான்கும் திறக்க வேண்டும். இதுதான் நீங்கள் பொறுப்பெடுத்த வேலை. "எந்தப் பழைய வாகனத்துக்கும் பொருந்தும்" என்று உங்கள் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பூட்டியதும் உங்கள் முகவர் கடையில், நீங்கள் அனுப்பிய ஆள். ஆகவே வெளி வயர்மேன் கைவைத்தார், வாறண்டி இல்லை என்ற கதை இங்கே எடுபடாது.

நீங்கள் தந்தது வாகனத்துக்கான பலகையே அல்ல. வீட்டுக் கேற்றுக்கும் அலுவலகக் கதவுக்கும் வைக்கிற பலகை. 12 வோல்ட்டில் வேலை செய்கிறது என்பதற்காக அது வாகனப் பொருளாகிவிடாது. கேற்று லொக்குக்கு ஐந்து செக்கன் கரண்ட் கொடுத்தால்தான் ஆள் தள்ளித் திறந்து உள்ளே போக நேரம் இருக்கும். அதனால் அந்தப் பலகை ஐந்து செக்கன் வைக்கப்பட்டே வருகிறது. வாகனக் கதவு மோட்டாருக்கு அரைச் செக்கன் போதும், மிஞ்சினால் முக்கால். கம்பியை இரண்டு சென்ரிமீற்றர் அளவு இழுத்ததும் அதன் வேலை முடிந்தது. அதற்கு மேலும் கரண்ட் போனால் மோட்டார் அசைய இடமில்லாமல் முறுகி நிற்கும். மூன்று முதல் ஐந்து ஆம்பியர் வரை இழுக்கும், சூடேறும், உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரம் உடையும். சாரதிப் பக்க மோட்டார் அப்படித்தான் போனது. அதற்குப் பதிலாகப் போட்டதும் அப்படியே போனது. மோட்டாரை மாற்றிய உங்கள் ஆள் அந்த ஐந்து செக்கனை மாற்றவில்லை. மாற்றலாம் என்பதே அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. கையேட்டில் இருக்கிறது, மாஸ்டர் கோட் அடித்து நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் அந்தப் பலகையில் ஒரு செக்கனுக்குக் கீழே இறங்க வழியில்லை. அதனால் இடையில் சென்ட்ரல் லொக் கொன்ட்ரோல் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

அந்தப் பெட்டியை இரண்டாம் தடவை பூட்டினார், மறுக்கவில்லை. பெட்டி தானே அரைச் செக்கன் கரண்ட் கொடுத்து நிறுத்திக்கொள்ளும், சரி. ஆனால் பலகையை ஒருமுறை அடித்தால் ஒன், மறுமுறை அடித்தால் ஓஃப் என்ற முறைக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டார். விளைவு, நடுவில் உள்ள ரிலே (சுருளில் கரண்ட் போனால் இழுத்து இணைக்கும் சுவிட்ச்), வண்டி நிற்கும் நேரம் முழுக்க இழுத்தபடியே இருக்கிறது. ரிலேச் சுருள் 90 ஓம் அளவு, 12.6 வோல்ட்டில் 0.14 ஆம்பியர். பலகையின் வெளிச்சத்தையும் சேர்த்து மீற்றர் 0.2 காட்டுகிறது. ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் மணி. 65 ஆம்பியர் மணிப் பற்றரியில் ஒரு கிழமைக்குள் பாதி காலி. அதற்கு மேல் டீசல் இஞ்சினுக்கு ஹீற்றர் பிளக்கையும் சூடாக்கி ஸ்ராட்டரையும் சுற்று என்றால் எந்தப் பற்றரி சுற்றும்? நிறுத்திவைத்த வண்டியில் மொத்த இழுவை 0.05 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. இது உங்கள் ஆட்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் விடயமா? புதிய பற்றரி பாழாய்ப்போனது. பலகையும் அணைந்தது. சாவி உள்ளே.

அந்த நேரத்தில் உங்கள் சேவை இலக்கத்தை அழைத்தபோது கிடைத்த பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "சாவியைப் போட்டு ஒன் பண்ணிட்டு நம்பரை அடிச்சுப் பாருங்கோ அண்ணே." சாவி பூட்டிய வானுக்குள் இருக்கிறது என்றேன். "அப்ப கண்ணாடியை உடையுங்கோ, பழைய வான்தானே." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. அந்தத் தம்பியின் பெயர் கேட்டேன், தரவில்லை. உங்கள் அழைப்புப் பதிவில் இருக்கும், எடுத்துக் கேளுங்கள். பழைய வான்தான். 1992ஆம் ஆண்டு வண்டி என்று பில்லில் எழுதிவிட்டுத்தானே பணம் வாங்கினீர்கள்? அப்போது பழசு தெரியவில்லையா? கதவில் நம்பர்ப் பலகை ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த பொருளல்ல. ஃபோர்ட் கொம்பனி 1980இலேயே வைத்து விற்றது. வண்டியின் வயதில் குற்றமில்லை.

அதே தம்பி இன்னொரு அழைப்பில் என் நான்கு இலக்கக் கோட்டைத் தொலைபேசியில் சொல்லச் சொன்னார், "சிஸ்டத்தில செக் பண்ண" என்று. அந்தப் பலகை எந்தச் சிஸ்டத்தோடும் தொடர்பில்லாதது. எதைச் செக் பண்ணப் போகிறார்? இதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். திகதியும் நேரமும் நீங்கள் தந்தவை, குறுஞ்செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை என்று 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்தால், அன்றைக்குப் போயா! கேற்றடியில் நின்ற காவலாளி மட்டும் நல்ல மனிதர், தண்ணீர் தந்தார். கலண்டரில் சிவப்பில் அச்சடித்திருக்கிற விடுமுறையைப் பார்க்காமல் வாடிக்கையாளருக்குத் திகதி கொடுக்கிற ஒரு கொம்பனியிடம் மில்லி ஆம்பியர் கணக்கை எதிர்பார்த்தது அதிகம்தான். டீசல், சாப்பாடு, அன்றைய ஹயர், எல்லாவற்றையும் கேட்கப்போகிறேன்.

இழுவைக் கதவு. ஆத்திரத்தில் இதை மறந்துவிட்டேன், உண்மையில் இதுதான் மிக மோசமான வேலை. ஹைஏஸின் இழுவைக் கதவுக்குள் சாதாரண வயர் இழுக்க முடியாது. முன் கதவு பிணைச்சலில் மடியும், அங்கே ரப்பர் குழாய் வழியாக வயர் போகலாம். இழுவைக் கதவு பின்னால் ஓடும். அதற்கு ஸ்பிரிங் வைத்த கொன்டக்ட் ஊசிகள் உண்டு. ஊசிப் பக்கத்தைக் கதவிலும் தட்டுப் பக்கத்தைக் கதவு நிலையிலும் பூட்டினால், கதவு மூடியதும் இரண்டும் தொட்டுக் கரண்ட் போகும். கதவு மூடியிருக்கும்போது மட்டும் கரண்ட் போனால் போதும், லொக்குக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் ஆள் நீளமாக வயரை விட்டு ரேப் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறார். கதவு அதை ஓடுபாதையில் நசித்தது, தோல் கிழிந்த வயர் வண்டியின் இரும்பு உடம்பில் தொட்டது, பியூஸ் போனது. அந்தப் பியூஸ் எது தெரியுமா? ரேடியோவுக்குரிய 10 ஆம்பியர். நான்கு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது 15, 20 வரை போகும் லைனை ரேடியோவில் இருந்து எடுத்திருக்கிறார். பற்றரியிலிருந்து தனி லைன், பற்றரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயர் என்பது அடிப்படை.

சாரதி கதவுக்கு ஐந்து வயர் மோட்டார்தான் போட வேண்டும். இரண்டு வயர் மோட்டாரை ஓட்ட, மூன்று வயர் உள்ளே இருக்கிற சுவிட்சுக்கு. அப்போதுதான் சாவியால் அந்தக் கதவைத் திறந்தாலும் மற்றவை கூடவே திறக்கும். நீங்கள் தந்த தொகுதியில் நான்கும் இரண்டு வயர் மோட்டார். பில்லில் ஐந்து வயர் என்று விலை போட்டிருக்கிறது.

தண்ணீர். பலகையின் முதுகில் ஐபி இலக்கம் (தூசும் தண்ணீரும் புகாத தரத்தைக் காட்டுவது) எதுவும் இல்லை. வெளியில் வைக்கும் பொருளுக்குக் குறைந்தது ஐபி 65 வேண்டும். நாங்கள் இருப்பது கடலோரம். மாரி மழையில் தண்ணீர் வயர் வழியாகவே இறங்கிக் கொன்ட்ரோல் பெட்டிக்குள் போனது, ஏனென்றால் வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றவில்லை. முறுக்கி ரேப் சுற்றிய இணைப்புகளெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பிடித்துவிட்டன. வானின் கதவுத் தூணில் துளையிட்ட இடத்துக்குப் பிரைமரும் இல்லை, ரப்பர் வளையமும் இல்லை, துரு தொடங்கிவிட்டது. கதவுக்குள் இருந்த பிளாஸ்ரிக் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறார்.

இதையெல்லாம் திருத்தினாலும் ஒன்று திருந்தாது. திறக்கும் கட்டளை வெளியே இருக்கும் பலகையிலிருந்தே போகிறது. இரண்டு ஆணியைக் கழற்றி, பின்னால் வரும் இரண்டு வயரை ஒன்றோடொன்று தொட்டால் நான்கு கதவும் திறக்கும், நம்பரே தேவையில்லை. கேற்றுப் பலகையை வாகனத்துக்கு விற்பதன் அர்த்தம் இதுதான். வாகனத்துக்கானதில் பலகை வெறும் பொத்தான்களாக வெளியே இருக்கும், கோட்டைச் சரிபார்ப்பது உள்ளே இருக்கும் பெட்டி. இதைத் தெரிந்துகொண்டு விற்றிருந்தால் ஏமாற்று. தெரியாமல் விற்றிருந்தால் இந்த வியாபாரத்தை விட்டுவிடுங்கள்.

நட்டத்தைச் சொல்கிறேன்: தொகுதியின் முழுப் பணம், பூட்டுக் கூலி, பற்றரி, கொழும்புப் பயணம், தூணைத் திருத்திப் பெயின்ற் அடிக்கும் செலவு, ஓடாமல் போன நிலாவெளி ஹயர்கள், வாடிக்கைக்காரர் வேறு வான் பிடித்துப் போனதால் இனி வரப்போகும் நட்டம், மன உளைச்சல். ஐந்து இலட்சம் என்றாலும் குறைவு. இந்தப் பருவமே போய்விட்டது, குடும்பமே தெருவுக்கு வரும் நிலை.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல கொம்பனி என்று நம்பித்தான் வாங்கினேன், நியாயமாக முடித்துத் தந்தால் இந்தக் கடிதம் நமக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் முறையிடுவேன். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் தெரியும். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதும் தெரியும். நீங்கள் பாட்டுப் போட்டுக் காக்கவைப்பது அந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தானோ என்ற சந்தேகமும் உண்டு. முறைப்பாட்டுப் படிவம் நிரப்பித் தயாராக இருக்கிறது.

பணத்தைத் திருப்பித் தராமல் திருத்தித்தான் தருவோம் என்றால், ஆள் திருகோணமலைக்கு வரவேண்டும், வான் கொழும்புக்கு வராது. வருபவர் கையோடு கொண்டுவர வேண்டியவை: கொன்ட்ரோல் பெட்டி தனியாக உள்ள, ஐபி 65க்குக் குறையாத வாகனப் பலகை, ஐந்து வயர் மோட்டார் ஒன்று, இரண்டு வயர் மோட்டார் மூன்று, இழுவைக் கதவுக்கு ஸ்பிரிங் கொன்டக்ட் ஒரு சோடி, 20 ஆம்பியர் பியூஸும் அதன் பிடியும், ரிலே பாவிப்பதென்றால் சுருளுக்குக் குறுக்கே போட 1என்4007 டயோட், முன் கதவுகளுக்கு ரப்பர் குழாய், கதவுக்குள் போடும் பிளாஸ்ரிக் தாளும் அதை ஒட்டும் பசையும். ஈயம் பற்றவைக்கும் கோலும் மல்டிமீற்றரும் அவரிடம் இல்லாவிட்டால் புறப்படவே வேண்டாம். வேலை முடிந்ததும் கதவுகளைப் பூட்டி, அரை மணித்தியாலம் கழித்து என் முன்னால் பற்றரி லைனில் மீற்றரை வைத்து இழுவையை அளந்து, அந்த அளவைப் பில்லில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். வரும் திகதியைக் கலண்டர் பார்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
வான் உரிமையாளர்,
திருகோணமலை.

இணைப்பு: பில் பிரதி, வாறண்டி அட்டைப் பிரதி, குறுஞ்செய்தியின் படம், உடைந்த பல்லுச் சக்கரங்களின் படங்கள்.